ஐன்ஸ்டீனும் அணுகுண்டும்: வாசகர் கேள்விகள்

கே: அணுகுண்டுக்காகத்தானே ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்?

ப: இல்லை. அவருக்குக் கிடைத்தது 1921ஆம் ஆண்டுக்கான பரிசு, ஒளிமின் விளைவை, அதாவது ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருவதை, விளக்கியதற்கு. முதல் அணுகுண்டு வெடித்தது 1945இல். கேட்கும் முன் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

கே: அவருடைய நிறை-ஆற்றல் சமன்பாடு (E=mc²) இல்லாமல் குண்டு வந்திருக்குமா?

ப: வந்திருக்கும். எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆற்றல் எவ்வளவு என்று அந்தச் சமன்பாடு கணக்குச் சொல்லும். அதை வெளியே எடுக்கும் வழியைச் சொல்லாது. விறகு எரிவதற்கும் அதே சமன்பாடு பொருந்தும். குறையும் நிறைதான் எந்தத் தராசிலும் அகப்படாது.

குண்டுக்கு வழி திறந்தது அணுப்பிளவு, அதாவது கனமான அணுவின் கரு இரண்டாகப் பிளப்பது. 1938 டிசம்பரில் பெர்லினில் வேதியியலாளர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரானால் தாக்கிய யுரேனியத்தில், அதைவிட மிகவும் இலேசான பேரியத்தைக் கண்டார்கள். கரு பிளந்துவிட்டது என்று விளக்கியவர்கள், ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்த இயற்பியலாளர் லிசா மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஃப்ரிஷும். பிளந்த துண்டுகள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு கரு பிளந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவு ஆற்றலுக்கான அலகு). குறைந்த நிறையை வைத்து மைட்னர் போட்ட கணக்கிலும் அதே விடை. அதாவது சமன்பாடு அங்கே சரிபார்க்க உதவியது, அவ்வளவுதான். 1944ஆம் ஆண்டு வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது. காளான் மேகத்துக்குப் பக்கத்தில் ஐன்ஸ்டீன் படத்தைப் போடுகிறவர்கள் மைட்னர் பெயரை ஒரு வரியிலாவது எழுதினால் என்ன?

கே: குண்டு பற்றி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டீன் கடிதம் எழுதியது உண்மையா?

ப: உண்மை. தேதி 1939 ஆகஸ்ட் 2. கையெழுத்து ஐன்ஸ்டீனுடையது, வாசகத்தில் பெரும்பங்கு இயற்பியலாளர் சிலார்டுடையது. அக்டோபரில்தான் அதிபரிடம் போய்ச் சேர்ந்தது. முதலில் ஒதுக்கிய பணம் வெறும் 6,000 டாலர். கடிதம் போன மறுநாளே குண்டு வேலை தொடங்கியதாக நினைக்க வேண்டாம். குண்டைச் செய்த அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டம் 1942இல்தான் பிறந்தது. இங்கும் ஆண்டுகளைப் பாருங்கள்.

கே: அந்தத் திட்டத்தில் அவருக்கு என்ன பதவி?

ப: எந்தப் பதவியும் இல்லை. 1940இலேயே அமெரிக்க ராணுவம் அவருக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்துவிட்டது.

கே: ஹிரோஷிமாவில் எத்தனை கிலோ ஆற்றலாக மாறியது?

ப: கிலோ அல்ல, கிராம். 64 கிலோ யுரேனியத்தில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலானது முக்கால் கிராம் அளவு. பிளந்த நிறையையும் மாறிய நிறையையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

கே: ஐன்ஸ்டீனியம் அவர் கண்டுபிடித்த தனிமமா?

ப: இல்லை. 1952 ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் எச்சத்தில் கிடைத்த 99ஆம் தனிமம். பெயர் மட்டும் அவருடையது.

கே: அப்படியானால் அணு அறிவியலில் அவர் பங்கு ஒன்றுமே இல்லையா?

ப: நிறைய உண்டு. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் அலைவது மூலக்கூறுகள் மோதுவதால்தான் என்று 1905இல் கணக்கோடு காட்டினார். சில ஆண்டுகளில் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரென் அதைச் சோதனையில் அளந்து உறுதிசெய்தார். அணு உண்டென்பதையே ஏற்காமல் இருந்த வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1909இல் ஏற்றுக்கொண்டார்.