போட்ட இடத்தில் கிடக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. பின்தலையில் வலது பக்கம் தட்டையாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காதும் கொஞ்சம் முன்னால் தள்ளினாற்போல் தெரிகிறது. தாராபுரத்தில் அம்மா வீட்டில் பிரசவமாகி, மூன்றாம் மாதம் கவுந்தப்பாடிக்கு வந்தேன். குளிக்க வைக்கும்போது தலையை உருட்டிப் பிடிக்காமல் விட்டதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் என் அம்மாவைக் குறை சொல்கிறார். அம்மா கடுகுத் தலையணை தைத்து அனுப்பியிருக்கிறார். தலை வடிவத்தைச் சரியாக்க மாட்டிவிடும் ஹெல்மெட் வாங்கலாம் என்கிறார் கணவர். கோயம்புத்தூரில் விசாரித்தால் விலை மலைப்பாக இருக்கிறது. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன். நல்லவேளை, குழந்தை தொந்தரவே கொடுப்பதில்லை. போட்ட இடத்தில் போட்டபடி கிடப்பான். கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் டிவி. அதையே பார்த்துக்கொண்டிருப்பான். இதனால் மூளை வளர்ச்சி பாதிக்குமா? குப்புறப் படுக்க வைத்தால் சரியாகுமா?
– கவுந்தப்பாடி வாசகி

பதில்:

அம்மிணி, தலை கோணினதற்கு யார் காரணம் என்று மாமியார் சொன்னது, அம்மா தைத்து அனுப்பியது, கணவர் விலை கேட்டது எல்லாம் எழுதிவிட்டாய். பிள்ளையைத் தூக்குவது யார் என்று மட்டும் எழுதவில்லை. "போட்ட இடத்தில் போட்டபடி கிடப்பான்" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், அதுவும் நல்லவேளை என்று சொல்லி. எனக்கு அந்த வரியைத் தாண்டி மேலே படிக்கவே மனசு வரவில்லை.

நாலு மாதக் குழந்தை எதற்குப் போட்ட இடத்தில் கிடக்க வேண்டும்? இந்த வயதில் குப்புறப் போட்டால் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், தோளில் போட்டால் கழுத்து நிற்க வேண்டும். உன் மகனுக்குக் கழுத்து நின்றுவிட்டதா? அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. தூக்கமே ஒரு நாளில் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் போய்விடும். மிச்ச நேரமும் அதே மெத்தையில், அதே பக்கம் திரும்பி டிவி பார்த்தால் அந்த இடம் தட்டையாகாமல் என்ன செய்யும்? மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை. உள்ளே மூளை வேகமாக வளர்ந்து வெளியே தள்ளுகிறது. மெத்தை அழுத்தும் பக்கம் வளர இடமில்லாமல் மறுபக்கம் பெருக்கிறது. காது முன்னால் வந்ததும் அந்தத் தள்ளலில்தான்.

உன் அம்மா தலையை உருட்டிப் பிடித்திருந்தாலும் இது நின்றிருக்காது. ஐந்து நிமிடம் கை பிடிப்பதை இருபது மணி நேர மெத்தை அழித்துவிடும். அப்படி அழுத்துவதும் ஆபத்து, உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் குப்புறப் போட்டு முதுகுக்குத் தண்ணீர் ஊற்றுவார்களே, அது அருமையான பழக்கம். கழுத்தும் தோளும் பலப்படுவது அந்த மாதிரிக் கிடையில்தான். மாமியாருக்கு அந்த வேலையைக் கொடு. தலையை மட்டும் கைவைத்து அமுக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

கடுகுத் தலையணையை இன்றைக்கே எடுத்து வை. பாசத்தோடு தைத்தார் உன் அம்மா, தெரியும். ஆனாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தூங்கும் இடத்தில் தலையணையே கூடாது, முகம் புதைந்தால் மூச்சு முட்டும். தலையை உருண்டையாக்கும் என்று விற்கிற தலையணைகள் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2022-இல் எச்சரித்தது.

குப்புறப் படுக்க வைத்துத் தூங்கப் போடுகிற பேச்சே எடுக்காதே. பிள்ளையைக் குப்புறத் தூங்கப் போடாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992-இல் சொல்ல ஆரம்பித்த பிறகு, அங்கே தூக்கத்திலேயே திடீரென்று சாகிற சிசுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. தட்டைத் தலைகள் அதிகமானதும் அதற்குப் பிறகுதான். அதற்காக உயிரைப் பணயம் வைக்க முடியுமா? தூங்கும்போது மல்லாக்க, முழித்திருக்கும்போது குப்புற. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு, தவழாத பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது 30 நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து. ஒரு வயது வரை திரையே காட்டக் கூடாது என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. டிவியை நிறுத்து.

கட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடு. அப்போது சுவர் வலது பக்கம் போய், ஆள் நடமாட்டம் இடது பக்கம் வரும். நீயும் அந்தப் பக்கம் நின்று கூப்பிடு. முழித்திருக்கும்போது இடுப்பிலும் தோளிலும் மடியிலும் இருக்கட்டும். தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கைப்பழக்கம் ஆகட்டும். பிள்ளை பிறந்த வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தூக்கிக்கொண்டு இருப்பதுதான் குடும்பம் என்று நினைக்கிறவள் நான். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நீ ஒருத்தியே இதையும் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பாரும் ஆத்தாளும், அதாவது தாத்தாவும் பாட்டியும், வீட்டில் இருந்தால் பகலில் அவர்கள் மடி, இரவில் அப்பன் நெஞ்சு. ஹெல்மெட் விலை கேட்டு வந்த மனுசன், வேலை விட்டு வந்ததும் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொள்ளட்டும். அதுவும் கணக்கில் சேரும். அவர் கண்ணயர்ந்தால் மட்டும் உடனே பிள்ளையை எடுத்துவிடு.

ஹெல்மெட் என்றால் ஒரு நாளில் 23 மணி நேரம், மாதக்கணக்கில். சித்திரை வெயிலில் நினைத்துப் பார். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட் போட்டார்கள், மீதிப் பேரைச் சும்மா விட்டார்கள். இரண்டு வயதில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை; முழுக்கச் சரியானது இரு தரப்பிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான். அது 2014-இல் வெளிவந்தது. மிகக் கடுமையான கோணலும் கழுத்துப் பிடிப்பும் உள்ள பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. அதனால் ஹெல்மெட் வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், கடைக்காரர் இல்லை.

மூளையைக் கேட்டாய். படுத்துப் படுத்துத் தட்டையான தலை மூளையை நசுக்காது. ஆனால் தலை வளரும்போதுதான் அதன் வடிவமும் திருந்தும். ஆண் குழந்தையின் தலைச்சுற்றளவு பிறக்கும்போது சராசரியாக 34.5 சென்டிமீட்டர், நாலு மாதத்தில் 41.6, ஒரு வயதில் 46. அதாவது முதல் வருட வளர்ச்சியில் பாதிக்கு மேல் உனக்கு ஏற்கனவே போய்விட்டது. உங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருப்பாய், பாகு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தால்தான் உண்டு.

எனக்கு இன்னொரு சந்தேகம். டிவியை நிறுத்திய பிறகும் அவன் வலது பக்கமே திரும்பினால், கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுக்கும் பயிற்சி இல்லாமல் அது தானாகச் சரியாகும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. காது முன்னால் வராமல் பின்னால் இழுத்திருந்தாலோ, எலும்பு சேரும் இடத்தில் வரப்புபோல் மேடு தட்டுப்பட்டாலோ, பிறந்த அன்றே தலை கோணலாக இருந்து இப்போது கூடிக்கொண்டே போனாலோ, எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வைத்தியம் வேறு, அறுவைசிகிச்சைகூட வேண்டியிருக்கும்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. மூன்றரை மாத ஊசி முடிந்திருக்கும். அரசு அட்டவணைப்படி அடுத்தது ஒன்பதாம் மாதம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டு. காசு யோசனை என்றால் பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கழுத்து நின்றதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா என்று பார்க்கச் சொல். உன் வீட்டுக்காரரையும் லீவு போடச் சொல்லிக் கூட்டிப் போ. பயிற்சி சொல்லிக் கொடுக்கும்போது அவரும் கை வைத்துப் பழக வேண்டும்.