திரும்பியது யார்?

கேள்வி: ஆங்கிலச் செய்திகளில் ‘யூ-டர்ன்’, ‘வோல்ட்-ஃபாஸ்’, ‘அப்செட்’, ‘கேட்டஸ்ட்ரஃபி’ என்று விதவிதமான சொற்கள் வருகின்றன. தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் ‘திடீர் திருப்பம்’ என்றே என் கை எழுதிவிடுகிறது. இது தவறா?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: தவறுதான் அம்மா. தில்லியில் 27 ஆண்டுகள் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கியே பிழைத்தவன் நான். இதே தவறை நானும் செய்தேன், அதுவும் மறக்க முடியாத ஒரு நாளில்.

1999 ஏப்ரல் 17. மக்களவையில் வாஜ்பாய் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அலுவலகத்தில் ஒரு கணம் யாருக்கும் பேச்சு வரவில்லை. நான் அவசரமாக ‘நாடாளுமன்றத்தில் திடீர் திருப்பம்’ என்று தலைப்பு எழுதி நீட்டினேன். செய்தி ஆசிரியர் சிவப்பு மையால் ஒரே கோடாக அதை அடித்தார். ‘ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது’ என்று கீழே எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, “திரும்பியது யார், சொல்லுங்கள்! ஆதரவை விலக்கிய கட்சி திரும்பியது. அரசு கவிழ்ந்தது. இரண்டும் ஒன்றா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கும் தருகிறேன். திரும்பியது யார்? தானே திரும்பினாரா, விதி திருப்பிவிட்டதா?

யூ-டர்னும் வோல்ட்-ஃபாஸும் மனிதர்கள் தாமே செய்வது. ஆகவே அவற்றில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1980 அக்டோபரில் பிரைட்டனில் நடந்த கட்சி மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், ‘திரும்ப வேண்டுமானால் நீங்கள் திரும்புங்கள், நான் திரும்புகிறவள் அல்ல’ என்ற பொருளில் முழங்கினார். ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற எழுத்தும் ‘நீங்கள்’ என்ற சொல்லும் ஒரே ஒலி. அந்தச் சிலேடை தமிழுக்கு வராது, விட்டுவிடலாம். குற்றச்சாட்டை மட்டும் விடக்கூடாது. வோல்ட்-ஃபாஸ் இத்தாலியத்தில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். முகத்தைத் திருப்புதல் என்பது அதன் நேர்ப்பொருள். அதை அப்படியே எழுதினால் கெட்டது. தமிழில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் கோபித்துக்கொண்டவர், கொள்கை மாறியவர் அல்லர்! ‘சொன்ன சொல் மாறினார்’, ‘நேர் எதிராகப் பேசினார்’ என்று எழுதுங்கள். கட்சி மாறினால் ‘தாவினார்’. நீதிமன்றத்தில் வாக்குமூலத்தை மாற்றியவருக்குப் ‘பிறழ்சாட்சி’ என்று எவ்வளவு அருமையான சொல்லை வைத்திருக்கிறோம்! அது இருக்க ‘சாட்சி திடீர் திருப்பம்’ என்று படிக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

அப்செட் வேறு வகை. எளியவன் வலியவனைச் சாய்ப்பது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 183 ரன் மட்டுமே எடுத்த இந்தியா, மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்னில் சுருட்டியதே, அது. பத்திரிகைகள் இதை ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று எழுதிப் பழகிவிட்டன. அதிர்ச்சி தோற்றவர்களுக்கு, நம் வாசகருக்கோ அது கொண்டாட்டம். அன்று ‘சாம்பியனைச் சாய்த்தது இந்தியா’ என்பதுதான் சரி.

கேட்டஸ்ட்ரஃபி கிரேக்கச் சொல். ‘கீழ்’, ‘திருப்புதல்’ என்ற இரண்டும் சேர்ந்தது. நம் ‘தலைகீழ்’ அதற்கு எத்தனை நெருக்கம் பாருங்கள்! ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது நாடகத்தின் முடிவைக் குறித்தது. பேரழிவு என்ற பொருள் பின்னால் ஏறியது. நாடகத் திருப்பத்துக்கு அரிஸ்டாட்டில் சொன்ன பெயர் பெரிபெட்டியா. கிரேக்க நாடகம் ஒன்றில், ஈடிபஸ் மன்னனின் அச்சத்தைப் போக்கவென்று வந்த தூதன் வாய் திறக்கிறான். அவன் சொல்லே ஈடிபஸின் பிறப்பு ரகசியத்தை உடைத்து அவனை அழிக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்கிறோமே, அதேதான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை இதில் சேராது. அங்கே கடைந்த செயல் எதிராகத் திரும்பவில்லை, பலன்தான் கைக்கு வராமல் போனது.

கேள்வி: ‘செரண்டிபிட்டி’ என்பதைக் ‘கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது’ எனலாமா?
– வாசகர், கரோல் பாக், தில்லி

பதில்: கூடாது. கும்பிடப் போனவர் தேடியது அந்தத் தெய்வத்தைத்தான். செரண்டிபிட்டியில் தேடுவது ஒன்று, கிடைக்கிற நல்லது வேறொன்று. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754இல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல் இது; செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரின் கதையிலிருந்து எடுத்தார். செரண்டிப் என்பது இலங்கைக்கு அரபியரும் பாரசீகரும் வழங்கிய பழம்பெயர். ‘எதிர்பாராப் பேறு’ என்று நான் எழுதுவேன்.

கேள்வி: ‘சீ சேஞ்ச்’ என்றால் கடலளவு மாற்றமா?
– மாணவி, ராமகிருஷ்ணபுரம், தில்லி

பதில்: இல்லை மகளே. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் வரும் பாட்டு அது. கடலடியில் கிடப்பவனின் எலும்பு பவளமாகிறது, கண்கள் முத்தாகின்றன. கடல் செய்கிற மாற்றம் என்பதே பொருள், கடலின் அளவு அங்கே பேச்சே இல்லை. ‘அடியோடு மாறிவிட்டது’ என்று எழுது.