கல்லை யார் புரட்டுவார்?

ஐயரம்மா பதில்கள்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து தொடங்கியதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்குமேல் ஈஸ்டரைப் பற்றியவை. ஐந்தை எடுத்துக்கொண்டேன். கடைசிக் கடிதத்துக்கு மட்டும் இடம் அதிகம் வேண்டியிருந்தது.

*

கேள்வி: என் விடுதி நண்பன், "இயேசு நல்ல போதகர். அவருடைய போதனை இன்றும் வாழ்கிறது, அதுதான் உயிர்த்தெழுதல். உடம்போடு எழுந்தார் என்பது பிற்காலத்தில் வளர்ந்த கதை" என்கிறான். அப்படியே வைத்துக்கொண்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: எல்லாமே போய்விடும் தம்பி. நான் சொல்லவில்லை, அப்போஸ்தலர் பவுல் சொல்கிறார்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." தப்பித்துக்கொள்ள ஒரு சந்துகூட வைக்காமல் பேசுகிறார்.

இந்த வார்த்தைகள் இருக்கும் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்டது. சிலுவை மரணத்துக்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து வருடம். அது நீண்ட காலமா? உன் அம்மாவிடம் அவர்கள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போனார்கள் என்று கேட்டுப்பார். ஒன்று விடாமல் சொல்வார்கள். பவுல் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அவரைக் கண்டார்கள் என்று எழுதிவிட்டு, அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோலத்தான் அது எனக்குப் படுகிறது. அதோடு, இதை நானும் பெற்றுக்கொண்டுதான் உங்களுக்குக் கொடுத்தேன் என்கிறார். அப்படியானால் இந்தச் செய்தி அந்த நிருபத்தைவிடப் பழையது.

ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். பவுலின் அந்தப் பட்டியலில் பேதுரு, பன்னிருவர், யாக்கோபு எல்லோரும் இருக்கிறார்கள். கல்லறைக்கு முதலில் போன பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. சீஷர்களே நம்பவில்லை, அந்தப் பெண்கள் சொன்னது "வீண்பேச்சாகக் காணப்பட்டது" என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் நான்கு சுவிசேஷங்களும் உயிர்த்தெழுந்த செய்தியை அந்தப் பெண்களிடமிருந்துதான் தொடங்குகின்றன. கதை கட்ட உட்காருகிறவன், கேட்பவர்கள் நம்பாத சாட்சியையா முதலில் நிறுத்துவான்?

உன் நண்பனிடம் இன்னொன்றும் கேள். போதனை வாழ்கிறது என்றால், ரோம ஆளுநர் பிலாத்துவின் தீர்ப்பு என்ன ஆனது? ரோம அரசு அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, ஊருக்கு வெளியே சிலுவையில் அறைந்து கொன்றது. ஐம்பதாம் நாளில் அதே எருசலேமில் பேதுரு எழுந்து நின்று, நீங்கள் அவரைக் கொலைசெய்தீர்கள், தேவனோ அவரை எழுப்பினார் என்று பேசினார். மேல் கோர்ட்டில் தீர்ப்பு மாறிவிட்டது என்பதுதான் அதன் பொருள். நியாயமில்லாமல் கொல்லப்பட்ட ஒருவரின் வழக்கைத் தேவன் கையில் எடுத்துக்கொண்டார். அதை எடுத்துவிட்டால் பிலாத்து சொன்னதே கடைசி வார்த்தையாக நின்றுவிடும். அழகான போதனையை மட்டும் வைத்துக்கொண்டு, அநியாயமாய்ச் செத்தவனின் வீட்டு வாசலில் என்னால் போய் நிற்க முடியாது.

*

கேள்வி: கிறிஸ்துமஸ் ஒரே தேதியில் வருகிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?
(வாசகர், சிவகாசி)

பதில்: இயேசு மரித்தது யூதர்களின் பஸ்கா பண்டிகைக் காலத்தில். பஸ்கா பௌர்ணமியை வைத்து வருவது. அதனால் ஈஸ்டரும் நிலவோடு கட்டுண்டது. திருச்சபையின் கணக்குப்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆசரிக்க வேண்டும் என்று கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் முடிவானது. நம் கணக்கில் அது மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. கீழைத் திருச்சபைகளில் பல பழைய காலண்டரை வைத்துக் கணக்கிடுவதால் அவர்களுக்குத் தேதி பெரும்பாலும் வேறுபடும். 2025இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன.

*

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவத் தோழியோடு ஈஸ்டர் ஆராதனைக்குப் போயிருக்கிறேன். ஆத்மா அழியாது என்று நாங்களும் நம்புகிறோம். நீங்கள் ஏன் உடம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறீர்கள்? எரித்தால் சாம்பல், புதைத்தால் மண். அதில் என்ன இருக்கிறது?
(ஆசிரியை, மதுரை)

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, இவ்வளவு நேராக எங்கள் சபையாரே என்னிடம் கேட்டதில்லை. நன்றி.

நாங்கள் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று ஒரு வரி வரும். பலர் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரு கை ஞாபகத்துக்கு வரும்.

என் கணவர் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஐயராக, அதாவது போதகராக, இருந்தபோது, சபையில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டி உடுத்துகிற வேலைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். ஒருநாள் பனையோலைப் பெட்டி முடைகிற ஒரு பாட்டியம்மா. தண்ணீர் ஊற்றி அவர்கள் வலது கையைத் துடைத்தேன். ஓலை கிழித்துக் கிழித்துப் பெருவிரலின் ஓரம் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து, மரப்பட்டைபோல் ஆகியிருந்தது. ஆள்காட்டி விரலில் ஓலை நரம்பு அறுத்த கோடு. எவ்வளவு தேய்த்தும் சாயம் நகக்கண்ணிலிருந்து போகவில்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த கை அது. ஆத்துமா போய்ச் சேர்ந்தது, இது வெறும் கூடு என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கை இல்லாமல் அந்தப் பாட்டி யார்?

எழுந்த இயேசு சீஷர்களிடம் முதலில் காட்டியதும் கையைத்தான். "என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள், என்னைத் தொட்டுப்பாருங்கள்." அப்படியும் நம்பாதவர்கள் முன்னால் பொரித்த மீன்துண்டை வாங்கிச் சாப்பிட்டார். ஆவிக்குப் பசிக்காது.

ஆனால் பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தார் என்றும் நாங்கள் சொல்வதில்லை. செத்தபின் இயேசு எழுப்பின லாசரு அப்படித் திரும்பி வந்தான். கையும் காலும் பிரேதச் சீலையால் கட்டப்பட்டபடி வெளியே வந்தான்; அவிழ்த்துவிட வேறு ஆள் வேண்டியிருந்தது. என்றாவது ஒருநாள் மறுபடியும் அந்தச் சீலை அவனுக்குத் தேவைப்பட்டிருக்கும். இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் கிடந்தன. தலையில் சுற்றியிருந்தது மட்டும் தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இனி அது வேண்டாம். பவுல் இதை விதைக்கும் பயிருக்கும் ஒப்பிடுகிறார். மண்ணில் போடுவதும் முளைத்து வருவதும் பார்வைக்கு ஒன்றல்ல. ஆனால் நெல் போட்ட இடத்தில் கம்பு முளைப்பதில்லை. அந்தப் பாட்டி அந்தப் பாட்டியாகவே எழுந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

மறுபிறவியில் உயிர் வேறு உடம்புக்குப் போகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் நம்பிக்கை வேறு வழியில் போகிறது: இந்த ஆளே, இந்தப் பெயரோடு. வித்தியாசத்தை மறைத்துப் பேசுவது உங்களுக்கு மரியாதை ஆகாது. இந்த வருடமும் உங்கள் தோழியோடு வாருங்கள்.

*

கேள்வி: ஈஸ்டர் முட்டை வேதத்தில் இல்லையே. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
(ஞாயிறு பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்)

பதில்: இல்லைதான். முற்காலத்தில் ஐரோப்பாவில் லெந்து நாட்களில் முட்டையும் விலக்கு. கோழி முட்டையிடுவதை நிறுத்தாதே. சேர்ந்துபோனதை ஈஸ்டர் அன்று சமைத்தார்கள், சாயம் பூசிக் கொடுத்தார்கள். கீழைச் சபைகளில் சிவப்புச் சாயம், கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளமாக. கொடுங்கள், தவறில்லை. ஆனால் முட்டையைக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொல்லாமல் அனுப்பிவிடாதீர்கள்.

*

கேள்வி: போன ஐப்பசியில் என் மகன் பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. ஈஸ்டர் நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது. எல்லோரும் வெள்ளை உடுத்திப் பாடுவார்கள். "உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறவர்கள் அழக்கூடாது" என்று சபையில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லையோ என்று தோன்றுகிறது. கோவிலுக்குப் போகாமல் இருந்துவிடலாமா?
(ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: அன்பு மகளே, உங்கள் கடிதத்தை மூன்று நாள் என் வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன்.

அப்படிச் சொன்னவர் தவறாகச் சொன்னார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். அந்தத் தாய்மார்களுக்கு ஈஸ்டர் என்றாலே பிள்ளை போன நாள். அவர்களிடம் போய் அழக்கூடாது என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? முதல் ஈஸ்டரிலேயே ஒரு பெண் கல்லறை வாசலில் நின்று அழுதாள். எழுந்த இயேசு அவளிடம் அழாதே என்று சொல்லவில்லை. "ஸ்திரீயே, ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய்" என்று கேட்டார். அப்போதும் அவரைத் தோட்டக்காரன் என்றே நினைத்தாள். "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

நம்பிக்கை இல்லையோ என்கிறீர்கள். அன்று கல்லறைக்குப் போன பெண்கள் நம்பிக்கையோடு போனார்கள் என்று யார் சொன்னது? வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவசர அவசரமாக அடக்கம் நடந்தது. ஓய்வுநாள் முடிந்ததும் சுகந்தவர்க்கம், அதாவது வாசனைப் பொருள்கள், வாங்கினார்கள். விடியும்போது புறப்பட்டார்கள். எதற்கு? பிணத்துக்கு இட. உயிரோடு இருப்பவருக்கு யாரும் அதை வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள். வழியில் அவர்கள் பேசிக்கொண்டதும் உயிர்த்தெழுதலைப் பற்றி அல்ல, "நமக்காக எவன் அந்தக் கல்லைப் புரட்டித் தள்ளுவான்" என்று. செத்தவருக்குச் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கியிருந்தது, போனார்கள். அவ்வளவுதான். கல் அவர்கள் போவதற்கு முன்பே புரண்டிருந்தது. அவர்களின் விசுவாசம் அதைப் புரட்டவில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டு, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் அந்தச் சுவிசேஷம் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது: "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்." பாட்டு இல்லை, ஆர்ப்பரிப்பு இல்லை. நடுங்கிக்கொண்டு ஓடிப்போன மூன்று பெண்கள். இதுவும் ஈஸ்டர் வேதபாடம்தான் மகளே. உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்தில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.

நான் இதைப் படித்து மட்டும் சொல்லவில்லை. 1984 லெந்து காலத்தில் எங்கள் மூத்த மகனை, ஒன்பது வயதில், மூளைக்காய்ச்சலில் இழந்தோம். ஈஸ்டர் ஏப்ரல் 22இல் வந்தது. என் கணவர் அங்கி மாட்டிக்கொண்டு ஆராதனை நடத்தப் போக வேண்டியிருந்தது. அவர் எப்படிப் போனார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மணி அடித்தது. சபையார் கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டு போவது கேட்டது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, மண் மேடு சரிந்திருக்குமே, கோடைமழை பெய்ததே என்று ஒரு நினைப்பு வந்தது. களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். எல்லோரும் பாடினார்கள். நான் பாடவில்லை. குத்தவைத்து மேட்டை ஒழுங்குபடுத்தினேன், முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினேன். பக்கத்துக் கல்லறைக்காரி, புருஷனை இழந்தவள், ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபக்கம் உட்கார்ந்து கூடவே பிடுங்கினாள்.

அன்றைக்கு எனக்குச் சமாதானம் வந்தது என்று எழுதினால் பொய். வருடங்கள் ஆயின. எழுந்த கர்த்தரின் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, தோமா அதைப் பார்த்தான். மகிமையான சரீரத்திலும் காயம் மறையவில்லை. உங்கள் காயமும் மறையவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். உங்கள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் ஒன்று உண்டு என்று நான் நம்புகிறேன். உங்களால் இப்போது நம்ப முடியாவிட்டால், உங்களுக்கும் சேர்த்து நான் நம்பிக்கொள்கிறேன்.

கோவிலுக்குள் போக முடியாவிட்டால் போகவேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வெள்ளை உடுத்த வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை. அவனுக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கும். ஒரு செம்பு தண்ணீரும் துடைக்கத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கடற்காற்று வீசும், மெழுகுவர்த்தி நிற்காது. ஒரு சிரட்டைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.