ஏற்றுமதி கூடினால் வறுமை தானாகக் குறையுமா? வியட்நாமில் நடந்தது என்ன?

"வியட்நாமை வறுமையிலிருந்து தூக்கிவிட்டது ஏற்றுமதிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஏற்றுமதிக்கு முன்னால் நிலம் வருகிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1986-ல் சந்தைக்குக் கதவைத் திறந்த 'தோய் மோய்' என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியபோது அங்கே சோற்றுக்கே தட்டுப்பாடு. 1988-ல் கூட்டுப் பண்ணை நிலங்களைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். மறு வருடமே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி கப்பலேறியது. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் தொண்ணூறுகளில் தளரத் தளர, உள்ளூர் அரிசி விலையும் ஏறியது. விலை ஏறினால் ஏழைக்கு அடிதானே? வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அடிதான். ஆனால் மேகாங் டெல்டாவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்து நெல்லை விற்கிற குடும்பத்துக்கு அது கூடுதல் வருமானம்; பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதும் அந்தக் காலத்தில் குறைந்தது. நிலம் நாலு பேர் கையில் குவிந்திருந்தால் லாபமும் அங்கேயே நின்றிருக்கும்.

அப்புறம் தொழிற்சாலைகள். 2001 கடைசியில் அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் வியட்நாம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி சரிந்தது, தையல் ஆலைகள் கிராமத்துப் பெண்களை வேலைக்கு இழுத்தன. 2007-ல் உலக வர்த்தக அமைப்பிலும் சேர்ந்தார்கள். 1993-ல் சுமார் 58 சதவீதமாக இருந்த வறுமை 2008-ல் 15-ஐ ஒட்டி வந்துவிட்டது.

எல்லோரும் கரையேறவில்லை. வடக்கு மலைகளில் வாழும் ஹ்மோங் போன்ற சிறுபான்மை இனத்தவர் இன்றும் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். உலகச் சந்தை கைவிடவும் செய்யும்: 2001 வாக்கில் காப்பி விலை படுத்தபோது, டாக் லாக் மாகாணத்தில் கடனில் சிக்கிய விவசாயிகள் காப்பிச் செடிகளையே வெட்டிப்போட்டார்கள்.