கல்லூரி குவார்ட்டர்பேக்கை பாஸிங் எண்களை வைத்து எடை போடலாமா?

"அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு குவார்ட்டர்பேக் எவ்வளவு நல்லவர் என்பதை பாஸிங் புள்ளிவிவரங்களை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பிரியாணி செலவானது.

குவார்ட்டர்பேக் என்பவர் தன் அணிக்காரர்களுக்குப் பந்தை எறிகிறவர், அந்த எறிதல்தான் பாஸ். முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேதான். கல்லூரி ஆட்டத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டும் பாஸர் ரேட்டிங்கை ஒரு துண்டுப் பேப்பரில் போட்டுவிடலாம். பாஸால் அணி முன்னேறிய மொத்த யார்டை 8.4 ஆல் பெருக்குங்கள், பாஸால் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த ஒவ்வொரு டச் டவுனுக்கும் 330 கூட்டுங்கள், ரிசீவர், அதாவது பந்தை வாங்க ஓடும் சக வீரர், பிடித்த ஒவ்வொரு பாஸுக்கும் 100 கூட்டுங்கள், எதிரணி பிடித்துவிட்ட ஒவ்வொரு பாஸுக்கும், அதாவது இண்டர்செப்ஷனுக்கும், 200 கழியுங்கள், வருவதை மொத்த பாஸ் முயற்சிகளால் வகுங்கள், அவ்வளவுதான். 1979-ல் கொண்டுவந்தது. 1965 முதல் 1978 வரையிலான சராசரி ஆட்டம் 100 என்று வரும்படி அமைத்தார்கள். இன்று ஒருவர் 100 எடுத்தால் அடுத்த வாரம் அவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். எதிரணி ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள், குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்கும் ஓட்டக்காரருக்கு ஸ்கிரீன் பாஸ் என்ற குட்டிப் பாஸைத் தட்டிவிடுகிறார், அவரை அங்கேயே சாய்த்துவிடுகிறார்கள், 3 யார்டு நஷ்டம். சூத்திரம் என்ன சொல்கிறது? பிடித்ததற்கு 100, நஷ்டத்துக்குக் கழிவு 25.2, ஆக 74.8 லாபம். அதே இடத்தில் புத்தியாகப் பந்தை மைதானத்துக்கு வெளியே எறிந்து அந்த 3 யார்டைக் காப்பாற்றியவருக்கு? பூஜ்யம். அப்புறம் இண்டர்செப்ஷன். ஒன்றுக்கு 200 கழிவு என்றால் சுமார் 24 யார்டுக்குச் சமம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு இண்டர்செப்ஷனுக்கு 45 யார்டு கழிக்கிறார்கள். இது போதாதென்று, பந்தோடு மாட்டிக்கொண்டு விழுந்தால், அதாவது சாக் ஆனால், கல்லூரிக் கணக்கில் அந்த நஷ்டம் ஓட்டக் கணக்கில் போய்விடும், பாஸிங் ரேட்டிங்கில் ஒரு கீறல்கூட விழாது. முடிவெடுக்கத் தெரியாமல் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்கிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சரி, சூத்திரத்தை விடுங்கள். பெரிய சிக்கல், எண் ஆளை அளக்கிறதா அணியை அளக்கிறதா என்பது. ஜோ பர்ரோவைப் பாருங்கள். 2018-ல் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியில் அவர் எறிந்த பாஸ்களில் 57.8 சதவீதம் பிடிபட்டன, 16 டச் டவுன், ரேட்டிங் 133.2. அந்த வருடம் அவரை டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக எடுப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2019-ல் அதே ஆள், அதே சட்டை: 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச் டவுன், 6 இண்டர்செப்ஷன், ரேட்டிங் 202. தோற்காமல் 15 ஆட்டம், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது, 2020 டிராஃப்டில் முதல் ஆள். ஒரே வருடத்தில் ஒருவருக்குக் கை மாறிவிடுமா? அவரும் வளர்ந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற என்எஃப்எல் அணியில் இருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து ரிசீவர்களை மைதானம் முழுக்கப் பரப்பிவிட்டார். அவர் எறிவதைப் பிடிக்க நின்றவர்கள் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும். அந்த 60 டச் டவுனில் சேஸ் பிடித்தது 20, ஜெஃபர்சன் பிடித்தது 18. பின்னால் இரண்டு பேருமே டிராஃப்டில் முதல் சுற்றில் போனார்கள். இப்போது அந்த 202-ல் பர்ரோவின் பங்கு எவ்வளவு, மற்றவர்களுடையது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அதுதான் ஆபத்தாகப் போனது.

டெக்சஸில் படித்த காலத்தில் என் ரூம்மேட் ஒரு மதுரைக்காரன், சனிக்கிழமை வந்தால் டிவி முன்னால்தான். அவனிடம் நான் பெரிய விவரமானவன் மாதிரி ஒரு தத்துவம் வைத்திருந்தேன்: டெக்சஸ் டெக் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் என்றால் எண்ணைப் பார்க்கவே பார்க்காதே, அது ஆட்டமுறையின் எண். பயிற்சியாளர் மைக் லீச் அங்கே கொண்டுவந்த ஏர் ரெய்டு முறையில் எந்நேரமும் பாஸ்தான், யார் நின்றாலும் யார்டு கொட்டும். ஆதாரமும் கையில் இருந்தது. பி.ஜே. சைமன்ஸ் 2003-ல் 5,833 யார்டு எறிந்தார், டிராஃப்டில் ஏழாவது, கடைசிச் சுற்றில்தான் எடுத்தார்கள். கிரஹாம் ஹாரல் 2008-ல் 5,111 யார்டு, 45 டச் டவுன், ரேட்டிங் 160, டிராஃப்டில் யாருமே கூப்பிடவில்லை.

அப்புறம் 2016. அதே கல்லூரியில் பேட்ரிக் மஹோம்ஸ், 5,052 யார்டு, 41 டச் டவுன், ரேட்டிங் 157. அணி 5 வெற்றி, 7 தோல்வி. அந்த அக்டோபரில் ஓக்லஹோமாவோடு ஆடியதை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். மஹோம்ஸ் 88 பாஸ் எறிந்தார், 734 யார்டு. எதிரே பேக்கர் மேஃபீல்டு 545 யார்டு, 7 டச் டவுன். இரண்டு அணியும் ஆளுக்கு 854 யார்டு, அச்சு அசலாக ஒரே எண். 66-59 என்று ஓக்லஹோமா ஜெயித்தது. தடுப்பாட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே இரண்டு பக்கமும் மறந்துவிட்டிருந்தார்கள். "பார்த்தியாடா, காற்றடித்து ஊதின எண்" என்றேன். அவன் "நீ எண்ணைப் பார்க்கிற, நான் அவன் எறியறதப் பார்க்கிறேன்" என்றான். ஓடிக்கொண்டே, கால் தரையில் ஊன்றாமல், உடம்பு ஒரு பக்கம் போக பந்து வேறு பக்கம் போனதை அவன் ரிமோட்டில் மூன்று தடவை ஓட்டிக் காட்டினான். நான் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

2017 ஏப்ரலில் என்எஃப்எல் அணியான கன்சாஸ் சிட்டி டிராஃப்டில் 27-வது இடத்திலிருந்து 10-வது இடத்துக்கு ஏறிவந்து மஹோம்ஸை எடுத்தபோது, அவர் தேற மாட்டார் என்று நான் பிரியாணி பந்தயம் கட்டினேன். 2018-ல் 5,097 யார்டு, 50 டச் டவுன், லீக்கின் எம்விபி, அதாவது சிறந்த வீரர். டெக்சஸின் இர்விங்கில் பாக்கெட்டைக் காலி செய்தேன், அவன் இரண்டு பிளேட் கேட்டான்.

இங்கேதான் என் தப்பு. ஹாரலுக்கு 160, மஹோம்ஸுக்கு 157, ஏறக்குறைய ஒரே முறை, ஒரே மைதானம். எண்ணை அப்படியே நம்பியிருந்தால் இரண்டு பேரும் ஒன்று. என்னைப் போல ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்தாலும் இரண்டு பேரும் ஒன்றுதான். வித்தியாசம் அந்தப் புள்ளிவிவரக் கட்டங்களில் எங்குமே இல்லை.

இதே மாதிரி இன்னொன்று: மஹோம்ஸை எடுக்க அந்த 10-வது இடத்தை விற்றது பஃபலோ அணி. அடுத்த வருடம் அவர்கள் எடுத்தது வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜாஷ் ஆலனை, கடைசிக் கல்லூரி வருடத்தில் 56.3 சதவீதம், ரேட்டிங் 127.8 வைத்திருந்தவரை. எண்ணை நம்புகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2020-ல் அவர் பாஸ்களில் 69.2 சதவீதம் பிடிபட்டன, 2024-ல் எம்விபி.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். ரேட்டிங்கைப் பார்ப்பேன், ஆனால் அதற்கு முன் ஒரு பாஸ் முயற்சிக்கு எத்தனை யார்டு என்று பார்ப்பேன், ஸ்கிரீன் பாஸை வைத்து அதை ஊதுவது கஷ்டம். செப்டம்பரில் பணம் கொடுத்துக் கூட்டிவந்து அடிக்கிற சின்னக் கல்லூரி ஆட்டங்களைக் கழித்துவிடுவேன். 35 புள்ளி முன்னிலையில் எறிந்ததையும் அப்படியே. பத்து யார்டு முன்னேற ஒரு அணிக்கு நாலு வாய்ப்பு. மிச்சமிருப்பதில் மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 8 யார்டுக்கு மேல் வேண்டும் என்ற நிலையில் எறிந்தவற்றை மட்டும் ஒரு நோட்டில் குறிப்பேன்: முதலில் பார்த்த ரிசீவருக்கே எறிந்தாரா, பந்து காற்றில் எவ்வளவு தூரம் போனது, எறியும்போது யாராவது மேலே விழுந்தார்களா. எதிரணிக்கும் பாஸ் வரப்போவது தெரியும், அந்த நேரத்தில் ஆட்டமுறை அதிகம் உதவாது. ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி தேறும். மூன்று ஆட்டம் பார்த்தால் ஆள் பிடிபட ஆரம்பிப்பார்.

2021-ல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 5,967 யார்டு, 62 டச் டவுன் என்று ஒரே சீசனில் இரண்டு சாதனைகளையும் உடைத்தார், ரேட்டிங் 168.9, டிராஃப்டில் நாலாவது சுற்று. அந்த டிராஃப்ட் நாள் ராத்திரி மதுரைக்காரனிடமிருந்து மெசேஜ்: "பிரியாணி?" நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். நோட்டில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை, அந்த சீசனில் நான் அவர் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.