யூ.சி. இன்ஜினியரிங்: எந்தப் பாடம் முதலில்?

கேள்வி: மகன் இங்குள்ள ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) சேரப்போகிறான். இரண்டு வருடத்தில் யூ.சி.யில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மெக்கானிக்கல் இன்ஜினியரிங்குக்கு மாற எண்ணம். முதல் வருடம் பொதுப் பாடங்கள், இரண்டாம் வருடம் மேஜர் (முதன்மைத் துறை) பாடங்கள் என்கிறான். சரிப்படுமா?
– வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: சரிப்படாது. வரலாறு, சமூகவியல் என்றால் பொதுப் பாடத் தொகுப்பை (2025 இலையுதிர் பருவம் முதல் அதன் பெயர் கால்-கெட்-சி) முதலில் முடிக்கலாம். இன்ஜினியரிங்கில் கணக்கும் இயற்பியலும்தான் முதலில் பார்க்கப்படும். முதல் கால்குலஸ் பாடம் முடியாமல் இரண்டாவது கிடைக்காது. இயற்பியலில் வரும் மெக்கானிக்ஸுக்கும் கால்குலஸ் வேண்டும். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்ற கணக்குப் பாடம் கடைசியில்தான் வரும். கோடையை விட்டால் கையில் நான்கே செமஸ்டர். விண்ணப்பமோ மூன்றாவது செமஸ்டரிலேயே, நவம்பர் இறுதியை ஒட்டி முடிந்துவிடும். மகன் சொல்லும் வரிசையில் போனால், அன்று அவர் காட்டக்கூடிய மேஜர் பாடம் அநேகமாக ஒன்றுமே இருக்காது.

ஆகவே முதல் பருவத்திலேயே கால்குலஸ். கூடவே ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்று; யூ.சி.க்கு அப்படி இரண்டு கட்டாயம். மற்ற பொதுப் பாடங்கள் இடம் கிடைக்கும்போது வரட்டும்.

எந்தக் காலேஜ் பாடம் யூ.சி.யின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டுவது அசிஸ்ட் இணையதளம். அதில் ஆண்டு, ஓலோனி, போகவேண்டிய யூ.சி. வளாகம், மேஜர் என்று தேர்ந்தெடுத்து அந்தப் பாட ஒப்பந்தத்தை எடுங்கள். வளாகத்துக்கு ஒன்றாக எடுங்கள். வேதியியலும் புரோகிராமிங்கும் வளாகத்துக்கு வளாகம் மாறும். இரண்டு பாடங்களுக்கு நடுவே 'அண்ட்' என்றிருந்தால் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் முடித்தால் பலனில்லை. 'யூ.சி.க்கு மாற்றத்தக்கது' என்ற குறிப்பை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. அது யூனிட் (பாடத்தின் அளவு) கணக்கில் சேரும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், மேஜருக்கு அல்ல.

கால்குலஸில் பாதியை ஓலோனியிலும் மீதியை டி ஆன்சா என்ற இன்னொரு கம்யூனிட்டி காலேஜிலும் படிக்க வேண்டாம். ஓலோனி செமஸ்டர் முறை, டி ஆன்சா அதைவிடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறை. பாடம் வெட்டப்படும் இடமே வேறு. நடுவில் சில அத்தியாயங்கள் விட்டுப்போகும், ஒப்பந்தமும் பொருந்தாமல் போகலாம்.

மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) 2.4 என்பது விண்ணப்பிக்கும் வாசல்தான். இன்ஜினியரிங்குக்கு அது போதவே போதாது. டேக் எனும் இட உத்தரவாதத்துக்கு செப்டம்பர் 1 முதல் 30 வரை, ஒரே வளாகத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ அதில் இல்லை. மற்ற ஆறு வளாகங்களிலும் எல்லா மேஜருக்கும் கிடையாது. பட்டியலைப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

கேள்வி: ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கால்குலஸில் 5-க்கு 4 வாங்கியிருக்கிறாள் மகள். கம்யூனிட்டி காலேஜில் அதையே மறுபடி படித்தால் ஜி.பி.ஏ. கூடுமே?
– வாசகர், சான் ஹோசே

பதில்: ஒரே பாடத்துக்கு யூ.சி. இரண்டு முறை யூனிட் தராது. போகவேண்டிய வளாகத்தின் ஏ.பி. அட்டவணையைப் பாருங்கள். அந்த மதிப்பெண்ணை மேஜர் கால்குலஸுக்கு ஏற்கிறார்கள் என்றால் அடுத்த பாடத்தில் தொடங்கலாம். ஏற்கவில்லை என்றால் படித்தே ஆகவேண்டும். ஏ.பி.யைக் காட்டிக் கம்யூனிட்டி காலேஜ் தந்த பாட விலக்கு யூ.சி.யைக் கட்டுப்படுத்தாது. மதிப்பெண்ணை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேராக அனுப்பச் சொல்லுங்கள்.