புதுமைப் பெண் பணம் வரவில்லையா? பள்ளிக்கால வங்கிக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது பொறியியல் முதலாண்டு. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, இவளுக்கு மட்டும் வரவில்லை. ஆதார் இணைத்தாயிற்று என்கிறார்கள் வங்கியில். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை வாங்கியதால் நிறுத்திவிட்டார்களா?
– விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: அந்தப் பயம் வேண்டாம். வேறு உதவித்தொகை பெறும் மாணவிகளும் இந்த 1,000 ரூபாயைப் பெறலாம். முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தில் கழிவது. இது உங்கள் மகளின் கணக்குக்கே நேராக வருவது. ஒன்றுக்கொன்று தடையில்லை.

சிக்கல் பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கும். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்து வைப்பது ஒரு வேலை. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வரவேண்டும் என்று என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணம் போவதைக் கவனிக்கும் தேசிய நிறுவனம்) பதிவேட்டில் குறிப்பது வேறு வேலை. முதலாவதை முடித்துவிட்டு 'இணைத்தாயிற்று' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆதாரை எத்தனை கணக்கில் கொடுத்திருந்தாலும், அந்தப் பதிவேட்டில் கடைசியாகக் குறித்த ஒரே கணக்குக்குத்தான் பணம் போகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு உதவித்தொகைக்காகப் பள்ளியிலேயே இருப்பில்லாக் கணக்கு தொடங்கித் தந்திருப்பார்கள். பிறகு அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உங்கள் மகளின் பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கலாம். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பிப் போயிருக்கலாம்.

மை ஆதார் இணையதளத்தில் அவளுடைய ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து நுழைந்தால், எந்த வங்கி இணைப்பில் இருக்கிறது, அது நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். பழைய வங்கியின் பெயர் வந்தால் முதலில் அந்தப் பாஸ்புக்கைத் தேடி எடுங்கள். புதிய கணக்குக்கே பணம் வரவேண்டுமென்றால், புதிய கணக்குள்ள வங்கியில் 'ஆதார் சீடிங்' (அந்தப் பதிவேட்டில் குறிக்கும் வேலை) செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே எல்லாம் சரியென்றால் அடுத்தது கல்லூரி. இந்தத் திட்டத்துக்குக் கல்லூரி வழியாகத்தான் பதிவு. அதைக் கவனிக்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார். எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தந்த மாணவர் எண்), மாற்றுச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் கொண்டுபோய், விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பெயரிலோ இனிஷியலிலோ வேறுபாடு இருந்தால் அவசரப்பட்டு ஆதாரைத் திருத்தாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஒரே தடவையில் திருத்துங்கள்.

இந்தப் பணம் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். அந்தப் பணமும் தாலிக்குத் தங்கமும் கல்யாணச் செலவுக்குப் போயின. 2022-ல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, செப்டம்பர் 5 அன்று தொடங்கினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்கு மாற்றியது மிகச் சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே பணம் வரத் தொடங்கியதும் ஏடிஎம் அட்டை உங்கள் மகளின் கையிலேயே இருக்கட்டும். பேருந்துக்கும் நோட்டுக்கும் நாப்கினுக்கும் அவள் யாரிடமும் கைநீட்டக் கூடாது.

பொறியியல் என்பதால் இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். நேரடி இரண்டாமாண்டில் சேர்பவர்கள் தவிர மற்றவர்கள் முதலாண்டிலேயே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வாய்ப்பு போய்விடும். மற்ற அரசு உதவிகளோடு சேர்த்து வாங்குவது பற்றிய அதன் நிபந்தனையைக் கல்லூரியில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டு, வருமானச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள்.